ரவைப் பொன்

கிறைஸ்ட்சர்ச்
22 மே 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த மழைக்கு நடுவில் காய்ந்த விறகும் ஓயாத வாயுமாக நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் பேத்தி ஜோடிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் மாப்பிள்ளை வாரனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இறைச்சி ஆலையை மூடிய பிறகு கொஞ்ச நாள் வேலை தேடினான். அப்புறம் தேடுவதாகச் சொன்னான். இப்போது அதுவும் சொல்வதில்லை. காலையில் எழுந்து கராஜில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறான். போன வாரம் நான் மருந்துக்கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். கராஜ் உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் திறந்தான். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை அப்பா.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வெளிக்காற்றில் இருந்தால் நல்லது என்கிறார். குளிர்காலம் முடியும்வரை அவனை உங்களிடம் அனுப்பட்டுமா? கடற்கரையில் மணல் அலசும் உங்கள் பைத்தியத்தில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொன் கிடைக்க வேண்டும் என்றில்லை. எனக்கு என் வாரன் திரும்பி வந்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனைத்தான் திரும்பி வரச் சொல்கிறேன், உங்களுக்குப் புரியும்.

ஜோடியின் ஓட்டைப்பல் முத்தத்துடன்,
நோலீன்

*

ஹோகிடிகாவுக்குத் தெற்கே
3 ஜூன் 1988

அன்பு மகள் நோலீனுக்கு அப்பா எழுதுவது,

முழங்கால் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. நீ தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா? முதலில் அதை எழுது.

உன் சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது. கிரேமவுத் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை நான் ஒருவனே பேசிக்கொண்டு வந்தேன். உன் அம்மா இருந்த காலத்திலும் அப்படித்தான் என்பதால் எனக்குச் சிரமம் இல்லை. ஒற்றைவழிப் பாலத்தில் எதிரே வந்த லாரிக்காரன் என்னவோ கத்தினான். இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமையே கிடையாது.

வாரன் கரி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். நீ அனுப்பிய மாத்திரையை என் கண் முன்னால் விழுங்குகிறான். பக்கத்துக் குடிசை பெவ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். புருஷன் போன பிறகு மணல் அலசுவதும் என்னைத் திட்டுவதும்தான் அவளுக்குப் பொழுதுபோக்கு என்று உனக்குத் தெரியும். வாசலில் நின்றுகொண்டே, “பாவம் அந்தப் பையன். நீ பேசுற பேச்சுல அவன் நடந்தே ஊருக்குப் போயிடப் போறான்” என்றாள். நடந்தாலும் நல்லதுதானே, நாற்காலியை விட்டு எழுந்த மாதிரி ஆகும்.

நான் ஒன்றும் படித்தவன் இல்லை. மனசு வைத்தியம் எனக்குத் தெரியாது. ஒரு மண்வெட்டி கொடுக்கத் தெரியும். நாளைக்குக் கொடுக்கிறேன்.

அப்பா

*

19 ஜூன் 1988

நோலீன் கண்ணு,

இருமல் வந்தது, பெவ் கொடுத்த கஷாயத்துக்குப் பயந்து போய்விட்டது. நீங்கள் இருவரும் சளி பிடிக்காமல் இருங்கள்.

தெற்கிலிருந்து புயல் அடித்தது. அடித்தால் எங்களுக்குத் திருவிழா. கடல் மேல்மணலைச் சுரண்டிக்கொண்டு போய், அடியில் கிடக்கும் கருமணலைக் காட்டிவிட்டுப் போகும். கருமணலில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடினால் அங்கே பொன் இருக்கும். அதை அள்ளிப் பழைய கம்பளம் விரித்த சாய்வுப் பெட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றினால் லேசானதெல்லாம் ஓடிவிடும், கனமானது கம்பளத்தில் தங்கும். தங்கினதைத் தட்டில் சுழற்றிப் பார்க்க வேண்டும். இந்தக் கடலில் கிடைப்பது மாவுப் பொன். தும்மினால் போச்சு. நான் பல தடவை தும்மியிருக்கிறேன்.

இந்த முறை கடல் காட்டவில்லை. மேலே இன்னும் சாம்பல் மணலைக் கொண்டுவந்து போட்டுவிட்டது. ஆளுக்கொரு பெட்டி வைத்துக்கொண்டு தினமும் அள்ளுகிறோம். வாரன் மாடு மாதிரி உழைக்கிறான், ஆனால் தட்டைக் குனிந்து பார்ப்பதில்லை. நேற்று பெட்டியைக் கழுவிவிட்டு முதல் தடவையாக என் பெயரைச் சொல்லி ஒரு முழு வாக்கியம் பேசினான். “நான் போற எடத்துல எல்லாம் இப்படித்தான் டெர்மட், எல்லாம் முடிஞ்ச பிறகுதான் நான் போய் நிப்பேன்.”

ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டான். ஆட்டு விலாத்துண்டு, நான் கருக்காமல் சமைத்தது. எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை, நோலீன். ஏதாவது செய்ய வேண்டும். என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் யோசித்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

ஜோடிக்கு ஒரு பொன்கட்டி முத்தம் கொடு. அவளுக்குப் புரியும்.

அப்பா

*

கிறைஸ்ட்சர்ச்
30 ஜூன் 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே உறைபனி, குழாய்த் தண்ணீர்கூடப் பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறது.

அந்த வாக்கியம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் பேசினானே. என்னிடம் பேசி எத்தனை நாளாயிற்று. அவனைத் தனியாகக் கடலோரம் விடாதீர்கள். இதை நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்னொன்று. உங்கள் எழுத்துக்கு என்ன ஆயிற்று? வரி எல்லாம் மலையேறுகிறது. கடைசிப் பத்தியில் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரியை எழுதியிருக்கிறீர்கள். ஜோடி அதைப் பார்த்து, தாத்தா ரகசிய பாஷையில் எழுதியிருக்கிறார் என்கிறாள். கண் டாக்டரிடம் காட்டினீர்களா?

வாரனுக்குச் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குக் காலுறை.

நோலீன்

*

11 ஜூலை 1988

அன்பு மகளே,

காலுறை கச்சிதம். மேசையின் ஒரு கால் குட்டை, அதனால் வரி ஏறுகிறது. மற்றபடி நான் நலம். நீ?

இப்போது நான் சொல்லப்போவதை வாரனிடம் சொல்லாதே. அம்மாவின் படத்தின் மேல் ஆணை.

என்னிடம் பழைய பொன் கொஞ்சம் குப்பியில் கிடக்கிறது அல்லவா, இதே கடற்கரையில் சேர்த்தது. அதை எடுத்து மிளகுத்தூள் டப்பாவில் போட்டேன். வாரன் தண்ணீர் மொள்ளப் போனபோது அவன் பெட்டிக்குப் பக்கத்தில் போய், முட்டைக்கு மிளகு தூவுகிற மாதிரி இரண்டு தட்டு தட்டினேன். ஒன்றும் தெரியாதவன்போலத் திரும்பி வந்து சீட்டியடித்தேன். எனக்குச் சீட்டி வராது என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் அவன் தட்டைச் சுழற்றினான். சுழற்றியவன் நின்றுவிட்டான். குனிந்தான். விரலால் தொட்டான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழப்போகிறானா சிரிக்கப்போகிறானா என்று எனக்கு விளங்கவில்லை. “டெர்மட், பாத்திரம் கழுவுற சோப்பு எங்க?” என்று கேட்டான். கையில் கொழுப்பு இருந்தால் மாவுப் பொன் மிதந்து ஓடிவிடும், ஒரு சொட்டு சோப்பு விட்டால் அடங்கும். நான் என்றோ சொன்னது. காதில் வாங்கியிருக்கிறான்.

மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து அவனே கஞ்சி காய்ச்சி வைத்திருந்தான். உப்பு அதிகம். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

இது ஏமாற்று வேலைதான். இந்தக் கரையில் மற்றவர் மணலில் பொன் தூவுகிறவனைக் கிட்டே சேர்க்க மாட்டார்கள். தலைக்கு மேலே போயாயிற்று, தினமும் கொஞ்சம் தூவுகிறேன்.

உன் அயோக்கிய அப்பா

*

கிறைஸ்ட்சர்ச்
24 ஜூலை 1988

அன்புள்ள அயோக்கிய அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மருந்துக்கடைப் பின்னறையில் படித்தேன். முதலாளியம்மா வந்து யார் செத்தது என்று கேட்டார்கள். கண்ணீர் சிரிப்பில் வந்தது என்று நம்பவைக்கப் படாத பாடு பட்டேன். எங்களுக்கு இங்கே சுகக்கேடு ஒன்றும் இல்லை.

வாரன் கடிதம் எழுதியிருக்கிறான். ஒரு பக்கம், முழுசாக. அவனும் உங்களைப் போலவே, “டெர்மட்டிடம் சொல்லாதே” என்று முடித்திருக்கிறான். என்ன என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு சொல்லாதேயை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் இருவரும் நிம்மதியாகக் கடல் பாருங்கள்.

மேசைக்கால் கதையை நான் நம்பவில்லை. கண்ணைக் காட்டுங்கள் அப்பா.

நோலீன்

*

7 ஆகஸ்ட் 1988

அன்பு நோலீனுக்கு,

எல்லோரும் சௌக்கியம். பெவ்வின் நாயும் சௌக்கியம், என் செருப்பு ஒன்றுதான் இல்லை.

உன் அப்பாவுக்கு வந்திருக்கும் யோகத்தைக் கேள். வாரனுக்கு நான் தூவப் போய், என் பெட்டியிலும் பொன் விழ ஆரம்பித்துவிட்டது. போன குளிர்காலம் முழுக்க ஒரு பொட்டுகூட நான் கண்டதில்லை. இப்போது வாரன் என் தட்டைத் தூக்கி என் மூக்குக்கு நேராகப் பிடித்து, “இதோ பாருங்க, எவ்வளவு” என்கிறான். நானும் பார்க்கிறேன். கைராசி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடைத்தெருவில் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தேன்.

ஒன்றுதான் விளங்கவில்லை. அவன் பெட்டியிலும் விழுகிறது, என் பெட்டியிலும் விழுகிறது, ஆனால் குப்பி ஏறுவதே இல்லை. பெவ்விடம் கேட்டேன். அவள் இருமும்வரை சிரித்துவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வாரன் இப்போது பேசுகிறான். நிறைய இல்லை, நான் மூச்சு வாங்கும் இடைவெளியில். சாயங்காலம் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறான். கேட்டால் குரலுக்குப் பயிற்சியாம். நேற்று ஜோடிக்குப் புதுப்பல் முளைத்ததா என்று கேட்டான்.

பள்ளி விடுமுறைக்கு நீயும் அவளும் இங்கே வாருங்கள். நான் காரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். முன்சீட்டு ஜோடிக்கு.

அப்பா

*

24 ஆகஸ்ட் 1988

நோலீனுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு அவ்வளவு இல்லை.

நான் எழுதி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வாரனுக்கு மட்டும் கடிதம் வந்ததாம். பெவ் சொல்லித்தான் தெரியும். அதைப் படித்ததிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வருகிறான். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? வருகிறீர்களா இல்லையா? இல்லை என்றால் இல்லை என்று எழுது. நான் சின்னப் பிள்ளை இல்லை, மூலையில் உட்கார்ந்து அழமாட்டேன். பெவ் வீட்டு மூலையில் வேண்டுமானால்.

நீங்கள் நலமாக இருந்தால் சரி.

அப்பா

*

27 ஆகஸ்ட் 1988

என் அன்பு மகளுக்கு,

எழுத்து எப்படிப் போனாலும் திட்டாதே. மேசைக்கால் நான்கும் ஒரே உயரம்தான்.

நேற்று டவுனுக்குப் போய் மாவும் பன்றி இறைச்சியும் வாங்கி வரலாம், நீங்கள் வந்தால் ஆகும் என்று கிளம்பினேன். கார்ச்சாவி ஆணியில் இல்லை. வெளியே வந்தால் வாரன் காருக்கு முன்னால் நிற்கிறான். சாவியை நீ எடுத்தாயா என்றேன். ஆமாம் என்றான். கொடு என்றேன். கொடுக்க மாட்டேன் என்றான். என் வீட்டில், என் காருக்கு. எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

அவன் பதிலுக்குக் கத்தவில்லை. “உங்க பெட்டியில விழுந்த பொன் அத்தனையும் நான் போட்டது” என்றான்.

நான் சிரித்தேன். அடேய், உன் பெட்டியில் விழுந்ததே நான் போட்டதுதானே என்றேன். முதல் நாளே தெரியும் என்றான். என் அறிவைக் கேள்: நான் எடுத்த குப்பி கடற்கரைக் குப்பியே இல்லை. சின்ன வயசில் மலை ஓடையில் எடுத்த பொன் இருந்ததே, அது. ஓடைப் பொன் ரவை மாதிரி இருக்கும். மாவு மட்டுமே வரும் கடலில் ரவை கிடைத்தால் எந்த முட்டாளுக்கும் தெரியும். இரண்டு குப்பியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றது. எது எது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வாரன் அன்றைக்கே என் கழிவு மணலைக் கிளறியிருக்கிறான். நல்ல மாவுப் பொன்னையெல்லாம் நான் சேற்றோடு கொட்டியிருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான், நான் தூவினதையே எடுத்து எனக்குத் திரும்பத் தூவ ஆரம்பித்திருக்கிறான். ஒன்றரை மாதமாக அதே ரவை இங்கேயும் அங்கேயும் நடந்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே சட்டையை மாறி மாறிக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அப்புறம் அவன் சொன்னதுதான் உனக்கு எழுத வேண்டியது.

“ஜூன் மாசம் ஸ்டேஷன்லேருந்து கூட்டிட்டு வந்தீங்களே, அன்னிக்கே உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு எனக்குத் தெரியும். பாலத்துல லாரி வந்ததை நீங்க பாக்கவே இல்ல.”

“தெரிஞ்சா ஏன்டா அப்பவே சொல்லல?”

“அன்னிக்கு நீங்க எங்க கொண்டு போய் விட்டிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.”

நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றேன் என்பதைப் பெவ் சாட்சியாகச் சொல்வாள், அவள் வேலியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப?” என்றேன்.

“இப்ப ஜோடி அதுல உக்காரப் போறா. நோலீன் உக்காரப் போறா. நானும் உக்காரணும்.” சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். “எனக்குப் பயமா இருக்கு டெர்மட்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து யாரும் என்னைக் குருடன் என்று சொல்லி இவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை. அவனுக்குப் பயமாக இருக்கிறதாம், நோலீன். கேட்டாயா? பயமாக இருக்கிறதாம்.

சாவி அவனிடமே இருக்கட்டும் என்றேன். அவன் ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போனோம். அவன் ஓட்டுவது ஆமை போவதைப் போல இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன், பாதி வழிவரை.

போன வருஷத்திலிருந்தே எல்லாம் பால் கலந்த தண்ணீருக்குள் பார்ப்பது போலத்தான். சொன்னால் நீ என்னைப் பொன் இல்லாத கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உன் கிழட்டு வௌவால்,
அப்பா

*

கிறைஸ்ட்சர்ச்
31 ஆகஸ்ட் 1988

அன்புள்ள வௌவாலுக்கு,

நாங்கள் நலமாகக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை ரயில். ஸ்டேஷனுக்கு வாரன் ஓட்டி வரட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டு வாருங்கள்.

ஜூலையிலேயே எனக்குத் தெரியும் அப்பா. வாரனின் முதல் கடிதத்தில் இருந்தது அதுதான். டெர்மட்டுக்குக் கண் தெரியவில்லை, அவர் மனசு உடையாமல் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன், அதுவரை சொல்லாதே என்று எழுதியிருந்தான். அத்தனை மாதத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் காரியம். அதனால் காப்பாற்றினேன். ஜோடியை முன்சீட்டில் உட்கார வைப்பதாக நீங்கள் எழுதிய பிறகு உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்றே தெரியவில்லை. பொய் எழுதவும் வரவில்லை. அவனுக்கு எழுதினேன்.

பாலத்து லாரியைப் பற்றி அவன் எனக்கு எழுதியதில்லை. உங்களிடம்தான் சொல்லியிருக்கிறான். உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை ஒரு தடவைக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

சனிக்கிழமை பார்க்கலாம்.

நோலீன்

*

9 அக்டோபர் 1988

அன்பு மகள் நோலீனுக்கு,

வரி நேராக ஓடுவதைப் பார்த்ததும் புரிந்திருக்கும், இது என் கை இல்லை. நான் சொல்ல, பெவ் எழுதுகிறாள். எழுத்துப்பிழை இருந்தால் அவளுடையது. (டெர்மட் நலமாக இருக்கிறான். முழங்காலுக்கு நான் சொன்ன தைலத்தை மட்டும் தடவுவதில்லை. — பெவ்)

நீங்கள் மூவரும் போன பிறகு வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது. நூல் மாதிரியான சின்னமீன் பிடிக்கும் காலம் வந்துவிட்டது, ஆற்று முகத்துவாரத்தில் பெவ் வலை போடுகிறாள், முட்டையில் கலந்து சுட்டுத் தருகிறாள். மணல் அலசுவதற்கும் அவளோடுதான் போகிறேன். நான் அள்ளுகிறேன், அவள் பார்க்கிறாள். கிடைத்ததை ஒழுங்காகக் காட்டுகிறாளா என்று கேட்காதே, எழுதுகிறவள் அவள்.

வாரனுக்கு வேலை இன்னும் அமையவில்லை என்றும், சில காலைகளில் போர்வையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான் என்றும் எழுதியிருந்தாய். வராத அன்றைக்கு விட்டுவிடு. மறுநாள் கேள்.

அவன் எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறான், உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நவம்பரில் கண் ஆபரேஷனுக்கு என்னை அழைத்துப்போக அவனே வருகிறானாம். மலைப்பாதையில் அந்நேரம் பனி இருக்குமா, நான் விசாரித்து வைக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு முழுக்க எச்சரிக்கை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டுமாம். கூரைமேல் ஏறக் கூடாதாம். சாவி பெவ்விடமே இருக்க வேண்டுமாம், நான் கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாதாம். அப்புறம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணல் அள்ளக் கூடாதாம், பெரிய அலை சொல்லாமல் வருமாம். பிறந்ததிலிருந்து இந்த அலையோடு கிடக்கிறவனுக்கு, சமவெளியில் ஆடு அறுத்தவன் புத்தி சொல்கிறான். உன் மகளைக் குழாய்த் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கச் சொல்கிறானாம், ஏன் என்று கேட்டால் எதற்கும் இருக்கட்டும் என்கிறானாம். நீ பொறுத்துக்கொள்.

பெவ் அதைப் படித்து முடித்துவிட்டு, இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு எதற்கு இப்படிச் சிரிக்கிறாய் என்று கேட்டாள். முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

அப்பா